மேல் டிவிஷன் பஸ் நின்றுபோகாமல் காத்த தங்கராஜு அவர்களுக்கு

மலைமேல் வாழும் மக்களை மலைக்காமல் சுமந்தவரே, வளைவுகள் மலிந்த சடக்கில் வழுவாது வண்டி செலுத்திய வல்லவரே, மழையென்றும் பனியென்றும் மறுப்புச் சொல்லாமல் மேடேறி வந்த மாண்பாளரே, கோபம் பொங்கும் வேளையிலும் வாயை அடக்கி ஹாரனை மட்டும் அலறவிட்ட கண்ணியரே, புக்கிட் மெலூர் தேயிலைத் தோட்டத்துப் பேருந்தின் பெயர்பெற்ற ஓட்டுநரே, எங்கள் அன்புக்குரிய தங்கராஜு அண்ணன் அவர்களே! மேல் டிவிஷன் லயத்து மக்களும், தொழிற்சாலைத் தோழர்களும், அலுவலக ஊழியர்களும் ஒன்றுகூடி, உங்கள் பணிநிறைவு நன்னாளில் நெஞ்சு நிறைந்து வணங்குகிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் கோயில் கமிட்டித் தலைவருமான சாம்பசிவம் என்னும் என் தலையில் விழுந்தது. செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு எட்டிவிட, அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தீர்கள். “மடலெல்லாம் எதுக்குலா கிராணி? ரெண்டு வார்த்த சொல்லு, சோத்தப் போடு, ஆள அனுப்பு. நீ எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிரும்” என்றீர்கள். அந்த எச்சரிக்கையை மதித்து, எழுதியதில் பாதியைக் கிழித்துவிட்டேன். மீதிப் பாதியைத் தாங்கள் பொறுமையோடு கேட்டே ஆக வேண்டும். இத்தனை ஆண்டுகளாக உங்கள் வண்டியில் ஏறி, நீங்கள் போடும் பழைய பாட்டுகளைப் பொறுமையோடு கேட்டவர்கள் நாங்கள் அல்லவா?

பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்து கோலா தெர்லா போகும் பெருஞ்சாலையில், பூச்செடிக் கூடாரங்களைத் தாண்டியதும் இடப்பக்கம் பிரிந்து மேடேறும் எங்கள் சடக்கு வெளியூரார் கண்ணில் படுவதில்லை. தேயிலைக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ள வருகிற கார்களும் அப்பக்கம் திரும்புவதில்லை. அந்தச் சடக்கு முடிகிற இடத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருக்க வரிசையாய்ச் சில லயங்கள். அதுதான் மேல் டிவிஷன். ஒரு காலத்தில் விடியற்காலையில் பேர்கொடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கும் கூட்டத்தைக் களம் கொள்ளாது. பிறகு கொழுந்து வெட்டும் இயந்திரம் வந்தது, பல கைகள் செய்த வேலையைச் சில கைகள் செய்தன. படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். போனவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை, படிக்கவைத்து அனுப்பியவர்களே நாங்கள்தாம். காலியான வீடுகளில் வங்காளதேசத்துத் தம்பிகளும் நேப்பாளத்துத் தம்பிகளும் குடிவந்தார்கள். நடுவழியில் மூங்கில் வளைவுக்கு அப்பால் இருக்கும் பூர்வகுடிச் சிற்றூரான கம்பத்து மக்களும் எங்கள் வண்டியையே நம்பியிருந்தார்கள்.

ஆள் குறையக் குறைய நிர்வாகம் வண்டியின் நடையைக் குறைத்தது. நாள் முழுதும் ஓடிய பஸ், காலையும் மாலையுமாகச் சுருங்கியது. நடை குறைந்ததும், பட்டணத்தில் வேலைபார்த்த சிலர் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துப் போனார்கள். அவர்கள் போனதும் ஆள் இன்னும் குறைந்தது. இந்தச் சக்கரத்தை எங்களில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை, தலையெழுத்து என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தோம். நீங்கள்தாம் ஒரு மாலையில், வண்டியின் படியில் உட்கார்ந்து செருப்புச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னீர்கள்: “ஆள் இருந்தாத்தான் பஸ்ஸுன்னு அவங்க சொல்றாங்க. பஸ் இருந்தாத்தான் ஆளுன்னு நான் சொல்றேன். ரெண்டுல எது மொத, நீயே சொல்லு கிராணி.” நான் பேச்சை மாற்றிப் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ கேட்டேன்.

சீர்மிகு சாரதியாரே, உங்கள் குணநலன்களை எடுத்தியம்பப் புகுந்தால் எங்கே தொடங்குவது? பொறுமையில் தொடங்கலாமென்றால், சேற்றுக் காலணியோடு வண்டியில் ஏறியவரை நீங்கள் இறக்கி, புல்லில் துடைக்கவைத்து, மறுபடி ஏற்றிய காட்சிகள் நினைவுக்கு வருகின்றன. மானேஜர் ஒருவரின் துணைவியாரையே அப்படி இறக்கியவர் நீங்கள். ஆகவே பொறுமையை விட்டுவிட்டு நேர்மையைச் சொல்வோம். உங்கள் வண்டியில் முன்சீட்டு யாருக்கும் உரிமையில்லை. யார் முதலில் ஏறினாரோ அவருக்கு, அவரைவிடத் தளர்ந்தவர் வந்தால் தளர்ந்தவருக்கு. பேச்சுத் தெரியாத நேப்பாளத் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவனும் முன்சீட்டில்தான். “பஸ்ஸுக்குள்ள தொரையும் இல்ல, கூலியும் இல்ல. ஏறுனவன், ஏறாதவன் அவ்ளோதான்” என்பது உங்கள் சட்டம்.

கீரையும் இஞ்சியும் விற்கப் பட்டணம் போகும் செல்லம் அக்கா என்றைக்குமே பிந்தித்தான் வருவார். அவருக்காக நீங்கள் காத்திராத காலை ஒன்றுண்டா? ஹாரனை அடிப்பீர்கள், கிளம்புவதுபோல வண்டியை ஓரடி நகர்த்துவீர்கள், கண்ணாடியில் பார்ப்பீர்கள், நிறுத்துவீர்கள். மூச்சிரைக்க ஏறிய அக்கா, “நான் இல்லாம போயிருவியா தங்கராஜு?” என்பார். “போயிருப்பேன், பிரேக்கு விடல” என்பீர்கள். பெருமழைக் காலத்தில் மூங்கில் வளைவில் மண் சரிந்து சடக்கை மூடியபோது, எல்லோரையும் இறக்கி, முன்னே நடந்து, கம்பத்துப் பின்வழியாக ஊர் சேர்த்ததும் நீங்களே. அன்று செல்லம் அக்காவின் விற்காத கீரைக்கட்டு உங்கள் தோளில் இருந்தது. இவற்றையெல்லாம் கடமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்தான், ஆனால் அந்தச் சொல்லை எங்கள் ஊரில் எல்லோருக்கும் சொல்லித் தேய்த்துவிட்டோம்.

இனி, இந்த அவையில் சொல்லியே தீர வேண்டிய செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நிர்வாகம் ஒரு முடிவைச் சொன்னது. தங்கராஜு ஓய்வு பெறும் நாளோடு பஸ்ஸும் ஓய்வு பெறும், வேறு ஓட்டுநர் வைப்பதற்கில்லை, இத்தனை சிறிய ஊருக்கு வண்டி கட்டுபடியாகாது என்றார்கள். அரசாங்கப் போக்குவரத்து அலுவலகம் உதவி கொடுத்தால் தொடரலாமாம். அந்த அலுவலகமோ, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நேரில் வந்து எண்ணிப் பார்த்த பிறகே உதவி என்றது.

ஊரெல்லாம் கவலைப்பட்டது, ஆனால் சசிரேகாவின் கவலை வேறு. தொழிற்சாலையில் தேயிலை சலித்துக்கொண்டிருந்த சசிரேகாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் தானா ராத்தா மருத்துவமனைக்குச் சென்று இரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். டாக்சிக்குக் கொடுத்துக் கட்டாது. கணவர் தேயிலைக்காட்டு வேலைக்காரர், விடியுமுன் போய்விடுவார். உங்கள் பஸ்தான் அவரைப் பட்டணத்துக்குக் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து பெரிய பஸ் பிடிப்பார். வண்டி நிற்கப் போகிறது என்று கேட்டதும், ஈப்போவிலிருந்த தங்கை “கிளம்பி வா” என்று சொல்லிவிட்டாள். சசிரேகா அழவில்லை. வளர்த்த கோழிகளைக் கூண்டோடு செல்லம் அக்காவிடம் கொடுத்தார், கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். “பஸ்ஸு இல்லாம நான் எப்படிண்ணே இங்க இருக்கறது? ஆனா அங்க போயி யார எனக்குத் தெரியும்?” என்று உங்களிடம் ஒருநாள் கேட்டாராம். நீங்கள் அன்று முழுவதும் பாட்டுப் போடாமல் வண்டி ஓட்டினீர்கள். வண்டியில் பாட்டில்லாததால்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

எண்ண வருகிறோம் என்று அதிகாரிகள் நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார்கள். அறிவார்ந்த எங்கள் கமிட்டி உடனே கோயிலில் கூடியது. வருகிற அதிகாரித் துவான்களின் மனம் குளிர வேண்டும், ஊரின் மானம் காக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தமிழன் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் அவன் கை என்ன செய்யும்? அடுப்பை மூட்டும். எங்கள் கையும் அதையே செய்தது. தோரணம் கட்டினோம். பஸ்ஸைக் கழுவிச் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டினோம். கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. தேங்காய்ச் சோறும் கோழிப் பிரட்டலும் செல்லம் அக்கா பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடி கொடுத்து வாசலில் நிறுத்தினோம். துவான்கள் ஏறுகிற வண்டியில் கூடையும் மண்வெட்டியுமாக நாமும் ஏறினால் நன்றாகவா இருக்கும் என்று, அன்று காலை யாரும் பட்டணம் போக வேண்டாமென்று ஊருக்குச் சொன்னோம். வங்காளதேசத்துத் தம்பிகளின் காலணியில் சேறிருக்கும் என்று அவர்களைக் குறுக்குவழியே நடந்துபோகச் சொன்னோம். கம்பத்து மக்களுக்கும் ஆள் அனுப்பிவிட்டோம்.

வாழைக்கன்று கட்டிய வண்டியைப் பார்த்து நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “என்ன கிராணி இது, கல்யாண வண்டி மாதிரி? எண்ண வர்றாங்களா, பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று கேட்டீர்கள். “உனக்கு ஒண்ணும் தெரியாதுலா, நீ மால போட்டுக்க” என்று நான் உங்கள் கழுத்திலும் ஒன்றைப் போட்டேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டும் செய்தவன்.

மாலையும் கழுத்துமாக நீங்கள் வண்டியை எடுத்தீர்கள். உள்ளே இரு அதிகாரிகள், அவர்களுக்கு ஒதுக்கிய முன்சீட்டுகள், பின்னால் காலிச் சீட்டுகளின் வரிசை. நடுவில், போகாமலிருக்க முடியாத ஒரே ஆளாக, சசிரேகா. கீழே போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கியதும் கைதட்டினோம். விருந்து உண்டார்கள், மிகவும் புகழ்ந்தார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டார்கள், வணக்கம் சொல்லிப் போனார்கள். அன்று இரவு கமிட்டி மகிழ்ச்சியில் தூங்கியது.

சில வாரங்களில் முடிவு வந்தது. அவ்வழியில் பயணம் செய்வோர் ஒருவர் மட்டுமே என்பதால் உதவி கொடுக்க இயலாது என்றார்கள். அலுவலகத்தில் அதைப் படித்துக் காட்டியபோது காகிதத்தைப் பிடுங்கி ஆளுக்கொரு முறை திருப்பிப் பார்த்தோம். செல்லம் அக்கா மட்டும் கேட்டார்: “சோறு நல்லா இருந்துச்சுன்னு எழுதலையா?” பிறகு ஆளுக்காள் பழி போட்டோம். நாதஸ்வரம் யார் யோசனை, கொடி யார் யோசனை என்று கோயில் வாசலில் பெருஞ்சண்டை. எண்ண வந்தவர்களுக்கு இலை போட்டோம், எண்ணப்பட வேண்டியவர்களைக் குறுக்குவழியில் அனுப்பிவைத்தோம். உலகத்தில் இப்படி ஒரு பிழையை எங்களைத் தவிர யார் செய்வார்கள்?

பண்பின் பெருந்தகையே, அன்று எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை நீங்கள் பேசியிருந்தால் தாங்கியிருப்போம். நீங்களோ அடுத்த ஓய்வுநாளில் உங்கள் துணைவியார் ருக்குமணி அம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனீர்கள். வந்திருந்த இரு அதிகாரிகளில் இளையவரான குகனேஸ்வரன் அவர்களைத் தேடிப் பிடித்தீர்கள். அவர் இன்று நம் அழைப்பை ஏற்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார், ஆகவே நான் சொல்வதில் பொய்யிருந்தால் அவரே எழுந்து திருத்தலாம். “தம்பி, நீங்க பாத்தது எங்க பஸ்ஸு இல்ல. எங்க திருவிழா” என்றீர்களாம். அறிக்கை போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் தயங்கினாராம். “இன்னொரு நாளு சும்மா வாங்க. காலையில பிரிஞ்சாங்ல ஏறுங்க. சொல்லாம வாங்க தம்பி. சொன்னீங்கன்னா எங்காளுங்க சோறாக்கிருவாங்க.”

அவர் வந்தார். சாதாரணக் கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக, குளிர் விறைக்கும் ஒரு காலையில், பள்ளி ஆசிரியைகளோடு பட்டணத்தில் ஏறி மேலே வந்தார். குல்லாவுக்குள் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாமல், வேலை தேடி வந்த பிள்ளையென்று எல்லோரும் நினைத்தோம். யாரும் வணங்கவில்லை, யாரும் மாலையிடவில்லை. வண்டி மேலே வந்ததும், பட்டணத்தில் அலுவலக வேலையாகப் போக ஏறிய நானே அவருக்கு அருகில்தான் உட்கார்ந்தேன், அந்தப் பக்கம் கொஞ்சம் நகரச் சொன்னேன்.

மேல் லயத்தில் வண்டி திரும்பியது. தோட்டத்து ஆட்கள் ஏறினார்கள். மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பைமூட்டையோடு ஏறினார்கள். பிரிஞ்சாங் ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் பெண்கள் ஏறினார்கள். அடிவாரக் காய்கறித் தோட்டங்களுக்குப் போகும் வங்காளதேசத்துத் தம்பிகள், சேற்றுக் காலணியைப் புல்லில் துடைத்துவிட்டு ஏறினார்கள். சீட்டெல்லாம் நிறைந்தது. சசிரேகா மெல்ல வருவதைப் பார்த்ததும் பின்னாலிருந்து செல்லம் அக்காவின் குரல்: “தம்பி, கொஞ்சம் எந்திரி. அந்தப் புள்ள நிக்க முடியாது.” அதிகாரி எழுந்தார். எழுந்தவர் கையில் அக்கா தன் கீரைக்கட்டைக் கொடுத்தார். “சும்மாத்தான நிக்கிற, இதப் புடி.” மூங்கில் வளைவில் கம்பத்து மக்கள் ஏறினார்கள். அவர்களில் ஒரு தாய், கம்பியைப் பிடிக்க வழியில்லாமல், இடுப்பிலிருந்த குழந்தையை அவருடைய மற்றக் கையில் கொடுத்துவிட்டாள். வளைவில் வண்டி சாய்ந்தபோது, அவர் விழாமல் முதுகைத் தாங்கியது ஒரு நேப்பாளத் தம்பியின் தோள். நீங்கள் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போலப் பழைய பாட்டை ஒலிக்கவிட்டீர்கள்.

பட்டணத்தில் எல்லோரும் இறங்கினோம். அக்கா கீரையை வாங்கிக்கொண்டார், தாய் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கடைசியாக இறங்கிய குகனேஸ்வரன் உங்கள் பக்கத்துக் கதவருகே வந்து நின்று சொன்னதை அவர் வாயாலேயே கேட்டேன். “அண்ணே, மன்னிச்சிருங்க. என்னால எண்ண முடியல. ரெண்டு கையிலயும் ஆளுங்க சாமான குடுத்துட்டாங்க.”

நீங்கள் சொன்னீர்களாம்: “அப்ப அதையே எழுதுங்க தம்பி.”

அவர் அதையே எழுதினார். மேலதிகாரி ஒருவர் நம்பாமல், தாமும் ஒருநாள் சொல்லாமல் வந்து, அவரும் நின்றுகொண்டே போனார் என்று பிறகு அறிந்தோம். அவர் கையில் அக்கா என்ன கொடுத்தார் என்று தெரியவில்லை. உதவி கிடைத்தது. நிர்வாகமும் இசைந்தது. பழைய வண்டிக்குப் பதிலாகச் சிறியதொரு புதிய வண்டி வருகிறது, பகலில் ஒரு நடை கூடுதலாகவும் கிடைக்கிறது. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டி, அந்த மலைச்சடக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த விக்னேஸ்வரி நாளை முதல் நமக்கு ஓட்டுநர். அவளுக்குப் பழைய பாட்டுப் பிடிக்காது என்பதை ஊர் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டுள்ளது. வருத்தம் உங்களுக்கு மட்டுமாக இருக்கலாம்.

சசிரேகா ஈப்போ போகவில்லை. அதோ, இரண்டாம் வரிசையில் பச்சைப் புடவையில் இருக்கிறார். கறிவேப்பிலைச் செடி திரும்ப வந்துவிட்டது. கோழிகளைக் கேட்கப் போனபோது செல்லம் அக்கா, “மூணு இருக்கு. மத்தத கேக்காத, அந்தத் துவானுங்க சாப்பிட்டாங்க” என்றாராம். இந்த மடலை நான் வாசித்துக் காட்டியபோது சசிரேகா ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: “அண்ணன் என்னைய ஒருநாளும் நோயாளின்னு கூட்டிட்டுப் போகல, கிராணி. ஊர்க்காரின்னுதான் கூட்டிட்டுப் போனாரு. அத எழுதுங்க.” எழுதிவிட்டேன், அம்மா.

நெஞ்சம் நிறைந்த எங்கள் நேயரே, எங்களுக்கு ஒரே ஒரு குறை மீதி இருந்தது. ஓய்வு பெற்றவர்கள் இந்த மலையில் தங்குவதில்லை. மாலையை வாங்குவார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள், மறுமாதம் சாமானை லோரியில் ஏற்றிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஷா ஆலமில் உங்கள் மகன் மாடியில் ஓர் அறையே கட்டிவிட்டார் என்றும், தரைக்கு வழுக்காத கல் பதித்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டோம். நல்ல பிள்ளை, அவர் நன்றாயிருக்க வேண்டும். நீங்கள் போவதுதான் நியாயம் என்று நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். இம்மடலின் முதற்படியில் பிரியாவிடை என்ற சொல்லை நான் நான்கு இடங்களில் எழுதியிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து கோயில் படியில் நின்றபோது, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் திருநீறு பூசிய நெற்றியைச் சுருக்கி என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள்.

“எங்கலா போறது? மகன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போவேன், வருவேன். ருக்குமணிக்குப் பாக்டரில இன்னும் வேல இருக்கு, வீடும் இருக்கு. நானும் அவளும் போனா ரெண்டு ஆள் கொறையுது. கொறஞ்சா மறுபடி எண்ண வருவாங்க கிராணி.”

அன்று வீடு திரும்பி அந்த நான்கு சொற்களையும் அடித்துவிட்டேன். எழுதுகோல் பிடித்த இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எதையும் அடித்ததில்லை.

ஆகவே, வளமார் வாழ்வுக்குரிய வள்ளலே, உங்களுக்கு விடைகொடுக்க எங்களிடம் வார்த்தை இல்லை, வேண்டியதும் இல்லை. நாளைக் காலை வழக்கமான நேரத்தில் மேல் லயத்து வளைவில் வந்து நில்லுங்கள். விக்னேஸ்வரி வண்டியை நிறுத்துவாள். கையில் ஒரு பையும் வாயில் ஒரு குறையுமாக நீங்கள் ஏறுங்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். நோய் அண்டாமல், நொடி வாராமல், உங்கள் ருக்குமணி அம்மாளோடு நெடுங்காலம் நலமாக வாழுங்கள். எங்கள் அம்மனிடமும் இதையே வேண்டிக்கொண்டோம். இந்த ஊருக்கு ஓர் ஆள் குறைந்தாலும் தாங்காது அண்ணே.

என்றும் உங்களோடு ஏறி, உங்களோடு இறங்கும்
மேல் டிவிஷன் லயத்து மக்கள், தொழிற்சாலைத் தோழர்கள், அலுவலக ஊழியர்கள்
புக்கிட் மெலூர் தேயிலைத் தோட்டம், கேமரன் மலை, பகாங்